ஏழுமலை டப்பாவில் என் சளி

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை அல்லவா? 'சார் ஃபாரின் போயிட்டாரா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'ஆளைத் தூக்கிட்டீங்களா? சந்தோஷம்' என்று இன்னொருவர். மன்னிக்கவும் ஐயா... திரும்பி வந்துவிட்டேன்.

ஃபாரின் எல்லாம் போகவில்லை. செஞ்சியில்தான் இருந்தேன். வீட்டுக்குள்ளேயே, மாஸ்க் போட்டுக்கொண்டு. எனக்கு டிபி. அது எப்படித் தெரியவந்தது என்பதுதான் கூத்து.

ஏழுமலை என் பள்ளிக்கூட சிநேகிதன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை வைத்திருக்கிறான். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. நான் கொஞ்சம் நாகரிகம் — ஃபில்டர் சிகரெட். தினமும் சாயங்காலம் டீக்கடை வாசலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஊதுவோம்.

போன மாதம் அவனுக்கு இருமல் நிற்கவே இல்லை. அவன் மனைவி இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார். டிபி பிரிவில் இருந்த சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, நன்றாக இருமிச் சளி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். டப்பா மேல் ஏழுமலையின் பெயர்.

மறுநாள் காலை ஆறு மணி. டப்பாவோடு என் வீட்டு வாசலில் நிற்கிறான்.

"டேய், நீ துப்புடா."

"இன்னாடா சொல்ற?"

"அடுத்த வாரம் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். எனக்கு டிபின்னு வல்லத்துல மாப்புள வூட்டுக்காரங்க காதுல வுழுந்துச்சின்னா இன்னா ஆவறது? நீ நல்லா இருக்கறவன். பொங்கலுக்குக்கூட ராஜகிரி ஏறுன. துப்பு!"

ராஜகிரிக் கோட்டை ஏறியது உண்மை. வழியில் ஒன்பது இடத்தில் நின்று 'வியூ' பார்த்ததும் உண்மை. அதையெல்லாம் வெளியே சொல்வானேன்?

சிநேகிதன் மகள் கல்யாணம். மறுக்க மனசு வருமா? ஒரே இருமல்... டப்பா ரெடி.

இங்கே கொஞ்சம் யோசியுங்கள். ஆரோக்கியமான ஆசாமிக்கு, கேட்ட மாத்திரத்தில் அவ்வளவு சளி எங்கிருந்து வந்தது? எங்கள் இரண்டு பேருக்குமே இந்தக் கேள்வி தோன்றவில்லை. இருபது வருடமாக நான் காலையில் இருமுகிறேன். என் மனைவி அடுப்பில் பால் வைப்பதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். 'சிகரெட் இருமல்' என்று பெயர் வைத்து, அதையும் வீட்டில் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து ஏழுமலை போன் செய்தான்.

"ரிசல்ட் வந்துடுச்சிடா. பாசிட்டிவ்."

"யாருக்கு?" என்றேன். என்ன ஒரு புத்திசாலித்தனமான கேள்வி!

"உனக்குத்தான்டா! பாஸ் ஆவணும்னு எனக்குப் பதிலா உன்னப் பரிட்ச எழுதச் சொன்னா, நீ பெயில் ஆயிட்டு வந்து நிக்கிறியே!"

சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. பொய் சொல்லக் கூடாது... பயந்துவிட்டேன். கை தானாகச் சட்டைப்பையில் சிகரெட்டைத் தேடியதுதான் கொடுமை.

இரண்டு பேரும் போய் சிஸ்டர் முன்னால் கைகட்டி நின்று உண்மையைச் சொன்னோம். இரண்டு பேருக்கும் வயது ஐம்பத்து நான்கு.

"இவரு சும்மானா மாத்திர முழுங்கியிருப்பாரு. நோவு இருக்கற நீங்க ஊரெல்லாம் இருமிக்கினு திரிஞ்சிருப்பீங்க. வயசுக்கேத்த வேலையாண்ணா இது?"

"நான் ஃபில்டர்தான் சிஸ்டர்..." என்று இழுத்தேன்.

"சிகரெட்டு டிபிய கொண்டாராதுண்ணா, கிருமிதான் கொண்டாரும். அது காத்துல வரும், யாருக்குள்ள வேணா போவும். நெஞ்சுக்குழாய்ல பொடிப்பொடியா முடி மாதிரி இருக்குது. தூசி, கிருமி எல்லாத்தையும் மேல தள்ளி வுட்டுடும். பொகை அதைப் படுக்க வெச்சிடும். தாண்டி உள்ள போனா, கிருமியப் புடிச்சி முழுங்கறதுக்குன்னே செல்லுங்க இருக்குது. நீங்க ஊதற கரிய முழுங்கி முழுங்கி அதுங்க வயிறு ரொம்பிக் கெடக்குது. கிருமி வந்தா எங்கேர்ந்து எழுந்து வரும்?"

"பந்தியில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுட்டு மண்டபத்து மூலையில் சாய்ஞ்ச பெரிய மாமா மாதிரியா?" என்றேன்.

சிஸ்டர் அப்போதுதான் சிரித்தார். "அதே மாமாதான். அவருக்கு நீங்க முப்பது வருசமா பந்தி போட்டுக்கினே இருக்கீங்க."

என் பெயரிலேயே புது டப்பா. எக்ஸ்ரே. அதே ரிசல்ட். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது, உடம்பு தேறிவிட்டது என்று நாமாக நிறுத்தவும் கூடாது. ஏழுமலையும் தன் சொந்தச் சளியைக் கொடுத்தான். கிருமி இல்லை. 'பீடிய வுடலன்னா அடுத்தது நீங்கதான்' என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார்.

என் மனைவிக்கும் பரிசோதனை நடந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த அன்று அழுதுவிட்டேன். அவள் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. என் புகையைத்தான் இத்தனை வருடம் பிடித்திருக்கிறாள்.

நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவில்லை. கொஞ்ச நாள் கூட்டத்துக்குள் போகக் கூடாதாம். சாயங்காலம் ஏழுமலை தூக்கில் பாயசத்தோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான்.

"உன் ஃபிரண்டு எங்கன்னு சம்பந்தி கேட்டாரு. டிபி, மாத்திர சாப்டறான், சரியாயிடும்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அவர் இன்னா சொன்னாரு?"

"'எங்க அண்ணனுக்கும் வந்துது, இப்ப நல்லா இருக்கறாரு'ன்னாரு. அப்புறம் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டாரு."

இவ்வளவுதானா? இதற்கா அத்தனை நாடகமும்?

"ஒண்ணு சொல்லட்டா?" என்றான் கேட்டைப் பிடித்தபடி. "நான் மட்டும் யோக்கியனா இருந்திருந்தா உனக்கு இது தெரிஞ்சே இருக்காது. ஒரு நாள் சிகரெட் இருமல்லயே போய்ச் சேர்ந்திருப்ப."

குரல் உடைந்தது அவனுக்கு. அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

அவன் பீடியை விட்டு இன்றோடு இருபத்திரண்டு நாள். நானும்தான். அவ்வப்போது ஒருவரை ஒருவர் போனில் திட்டிக்கொண்டு சமாளிக்கிறோம்.

சிநேகிதனுக்காக உயிரைக்கூடக் கொடுங்கள் ஐயா... சளியை மட்டும் அவரவர் பெயரில் கொடுங்கள்!