மச்சான் பொறுக்கிய குடைமிளகாய்

நேற்று எங்கள் தீவில், அபர்தீன் பஜாரில் புதிதாகத் திறந்திருக்கும் ஏ.சி. கடைக்குப் போனேன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று குடைமிளகாயைத் தட்டில் வைத்து பிளாஸ்டிக் தாளை இழுத்துச் சுற்றியிருந்தார்கள். விமானத்தில் வந்த சரக்காம். தாளுக்கு மேலேயே அழுத்திப் பார்த்தேன். "அங்கிள், ஹாத் மத் லகாவோ" என்றாள் சீருடைப் பெண். கை வைக்கக் கூடாதாம். தொடாமல் காய் வாங்குகிறவன் கடைக்கு எதற்கு வர வேண்டும்? பக்கத்தில் ஒருவர் தட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சமைப்பாரோ, சட்டம் போட்டு மாட்டுவாரோ, யார் கண்டது.

அந்தப் பிளாஸ்டிக் வாடை என் மச்சானுடைய புது சூட்கேஸின் வாடை. கல்யாணமான புதிதில் நாங்கள் எதிர்க்கரை ஊரான பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்தபோது தூத்துக்குடியிலிருந்து வந்தார். விருந்துக்கல்ல, தங்கச்சியை ஊருக்கே திருப்பிக் கூட்டிப்போக. "இது ஒரு ஊரா மாப்ள? காய்கறிக்குக்கூட கப்பலப் பாத்துக் கெடக்கிய" என்றார். அது பொய்யில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். என் மனைவி ரீத்தாவும் ஊர் நினைப்பில் அழுது, பாதிப் பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

அப்போதெல்லாம் இங்கே கப்பல் வந்த அன்று வாங்குவதுதான் புதுக் காய். கடலில் நாள்கணக்காகப் புழுங்கி வந்த மூட்டையைச் சுற்றி ஊரே மொய்க்கும். நானும் மொய்த்தவன்தான். வடக்கே தோட்டம் போடுகிற ரங்கத்திலிருந்து அன்று பறித்ததை பஸ்ஸில் கொண்டுவரும் பெங்காலி அக்காவின் கோணல் காயை ஒருவரும் சீந்த மாட்டார்கள். கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்தது என்றால் அழுகலுக்கும் அப்படி ஒரு மவுசு.

மச்சான் பஜாரில் கப்பல் மூட்டையிலிருந்து குடைமிளகாயைப் பெரிதாக, பளபளப்பாகப் பொறுக்கினார். "அடியில நாலு முண்டு இருந்தா பொம்பளக் காய், இனிக்கும்" என்று வியாக்கியானம் வேறு. காய்க்கு ஆணா பெண்ணா பார்த்த மனுஷன், காம்பு கறுத்திருந்ததைப் பார்க்கவில்லை. ரீத்தா நேரே ரங்கத் அக்காவிடம் போனாள். காம்பு பச்சையாக இருக்கிறதா, தோல் விறைப்பாக இருக்கிறதா, கையில் கனக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள்.

"எதுக்குட்டி இந்தக் கோணக் காய வாங்குத?" என்றார் மச்சான்.

வீட்டில் அவருடையதை வெட்டினால் உள்ளே கறுப்புப் பூஞ்சை. அவளுடையது நறுக்கென்று உடைந்து அடுக்களை முழுக்கப் பச்சை வாசம்.

"த்தூ, இதுவும் ஒரு காயாண்ணே? இதப் பொறுக்கத் தெரியாத நீங்க எனக்கு ஊரு பொறுக்குதியளா? நான் வரல."

அன்றே பெட்டியைப் பிரித்தாள். மச்சான் தனியாகக் கப்பலேறினார். அவ்வளவு இனிமையான ஏச்சை நான் கேட்டதேயில்லை. அதன்பிறகு அந்தத் 'த்தூ'வுக்குப் பயப்படாத காய்க்காரர் பஜாரில் கிடையாது.

ரங்கத் அக்கா உட்கார்ந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நேற்று தட்டுகளுக்கு முன்னால் நின்று ரீத்தாவுக்கு போன் செய்தேன்.

"எல்லாம் தாளுக்குள்ள கெடக்கு. காம்பே தெரியல. எத எடுக்க?"

"எதையாவது எடுத்துட்டு வாங்க. எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். பிறகு, "மவன் டிக்கெட் போட்டுட்டானாம். இனி அவன்கூட சென்னையிலதான இருக்கப் போறோம்."

ஒரு 'த்தூ' வரும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவள் வைத்துவிட்டாள். கைக்கு வந்த தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.