பெல்ட்டில் தேய்த்த சோப்பு

என் தங்கையின் புது வீட்டில் எந்தக் கதவுக்கும் எண்ணெய் போட நான் விடுவதில்லை. கீச் கீச்சென்று கத்தினாலும் கத்தட்டும் என்பேன். மெக்கானிக்குக்கு மூளை குழம்பிவிட்டது என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் சொல்லப்போவது என் கண்ணால் பார்த்தது, என் கையால் தொட்டது. இதில் ஒரு சொல்லும் நான் கூட்டியது இல்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் லேசில் நம்ப மாட்டேன். என் தொழில் அப்படி. 'நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு' என்று சொல்லாத வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய கார் ஒன்றை வாங்கினார். வீட்டிலேயே ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு! எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் தங்கைதான் போன் செய்தாள்.

"அண்ணா, காலைல வண்டிய எடுத்தா கீச்சுனு ஒரே சத்தம். ஷெட்டுக்கும் எங்க ரூமுக்கும் ஒரே சுவர். பாப்பா அலறிக்கிட்டு எழுந்திருக்கிறா. இதையாவது பண்ணுவியா? ரூம் கதவு ஒரு வருஷமா கத்துது. எண்ணெய் போடறேன் போடறேன்னு நீயும் சொல்லிக்கிட்டேதான் இருக்க."

பாப்பா என் மருமகள். ஏழு மாதம். அழ ஆரம்பித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு தொண்டை. எனக்கு அவள் என்றால் உயிர்.

மறுநாள் காலை போய் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை. மாப்பிள்ளை அசடு வழிந்தார். பானட்டைத் திறந்து என்ஜின் பெல்ட்டில் விரல் வைத்தேன். வழுக்கியது. வரிவரியான பள்ளங்களுக்குள் இளஞ்சிவப்பாக ஈரப் பசை. முகர்ந்து பார்த்தால் பூ வாசம். குளிக்கிற சோப்பு!

பழைய வண்டி விற்பவர்கள் செய்கிற வேலை இது. பெல்ட்டில் சோப்பைத் தேய்த்தால் கொஞ்ச நாளைக்குச் சத்தம் அடங்கும். ஆனால் இந்தச் சோப்பு இன்னும் காயவில்லை.

"என்ன மாப்ள, என்னை வரச் சொல்லிட்டு நீங்களே வைத்தியமா?"

"சத்தியமா நான் இல்ல மச்சான். பானட்ட எப்படித் திறக்கிறதுன்னே எனக்குத் தெரியாது."

நான் நம்பவில்லை. பெல்ட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். கீச்... கீச்... கீச்... தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். கோளாறு பெல்ட்டில் இருந்தால் நனைந்ததும் சத்தம் மாறும். மாறவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி மாட்டியிருந்த இடத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். பெல்ட்டைத் தாங்கிச் சும்மா சுற்றுகிற சின்னப் புல்லி ஒன்று உண்டு. அதன் பேரிங் காய்ந்துபோய் உள்ளே கரகரவென்று அரைத்தது. திருடன் அகப்பட்டான்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சத்தம் பேரிங்குக்குள்ளே. சோப்பு வெளியே, பெல்ட்டின் மேல். அந்தச் சோப்பு இந்தச் சத்தத்தை அடக்கவே முடியாது. ஆனால் அடக்கியிருந்தது.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். பெல்ட்டைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவி ஆணியில் மாட்டினேன். புதுப் புல்லி மறுநாள்தான் வரும். ஷட்டரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையின் கை இனி இங்கே நீளாது அல்லவா?

காலையில் ஷட்டரைத் தூக்கினேன். முதலில் வந்தது வாசம். பூ வாசம்.

ஆணியில் தொங்கிய பெல்ட் முழுக்கச் சோப்பு. சொட்டிக்கொண்டிருந்தது. அதில் விரல் தடங்கள்... மெல்லிய விரல்கள். என் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன். அந்தத் தடத்தில் பாதிகூட அடங்கவில்லை.

ஆனாலும் சந்தேகம் மனிதர்கள் மேல்தான். பெல்ட்டைத் தூக்கிக் குப்பையில் எறிந்தேன். புதுப் புல்லி, புது பெல்ட் மாட்டினேன். வண்டி பூனை மாதிரி ஓடியது. மாப்பிள்ளையிடம் அதை ஒப்படைத்து, நம்பர் வாங்கி, வண்டியை விற்றவருக்குப் போன் போட்டேன்.

"சோப்பத் தேய்ச்சு வித்துட்டீங்களே, நல்லா இருக்கா?"

"நான் இல்லீங்க. என் மனைவிதான் தேய்ப்பா. குழந்தை தூங்கும்போது சத்தம் வரக்கூடாதுன்னு..."

"அவங்ககிட்ட குடுங்க போனை."

"அவ உசுரோட இல்லீங்க. குழந்தையும் இல்ல. அதுக்கப்புறம்தான் வண்டிய வித்தேன்."

போனை வைத்துவிட்டார்.

பாவம், பெற்ற மனசு என்று நினைத்தேன். வண்டியில்தான் இப்போது சத்தம் இல்லையே, செத்த பிறகும் சோப்புத் தேய்க்கிற அந்தத் தாய்க்கு இனி என்ன வேலை? அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். தங்கையிடம் மூச்சு விடவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் வீட்டுக்குப் போனேன். பட்டப்பகல். தங்கை சமையலறையில் இருந்தாள்.

"ஒருவழியா கதவுக்கு எண்ணெய் போட்டுட்டியே! எப்ப வந்து போட்ட?"

"நானா?"

"பாப்பாவும் சமத்தாயிட்டா அண்ணா. நேத்துலேருந்து அழவே இல்ல."

ஓடினேன்.

அறைக் கதவைத் தள்ளினேன். கத்தவில்லை. கீலைத் தொட்டேன். எண்ணெய் இல்லை... இளஞ்சிவப்பு. ஈரம்.

உள்ளே அதே பூ வாசம்.

பாப்பா படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. கை கால் அசையவில்லை. வாய் மட்டும் அழுவது போலக் கோணியது.

சத்தம் வரவில்லை.

உதட்டைத் துடைத்தேன்.

வழுக்கியது...

வாரி எடுத்துத் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். ஒன்றுமில்லை. மறுபடி கிள்ளினேன். வீல்! தெருவே திரும்பிப் பார்க்கிற அழுகை. ஓடிவந்த தங்கை என் முதுகில் அறைந்தாள். "பைத்தியமா உனக்கு? பச்சைக் குழந்தையப் போய்..." அடி வாங்கிக்கொண்டே நான் சிரித்தேன். என் கண்ணிலிருந்தும் கொட்டியது. ஆயுசு முழுக்க வண்டிச் சத்தங்களை நிறுத்தியே பிழைத்தவன் நான். அந்த ஒரு சத்தத்தை நிறுத்தாதே, நிறுத்தாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

அன்றைக்கே எல்லோரையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அந்த வீட்டைக் காலி செய்தோம். வண்டி காயலான் கடைக்குப் போனது.

சாயங்காலம், வண்டியை விற்ற அந்த மனிதரை மறுபடி போனில் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கேட்டார்.

"கதவுச் சத்தமும் நின்னுடுச்சா?"

என் தோளில் பாப்பா இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"அது... உங்க குழந்தையா? அழுவுதா?"

"அழுறா."

"அழ விடுங்க. எங்க வீட்டுலயும் முதல்ல வண்டி, அப்புறம் கதவு. அப்புறம் பையன் அழறத நிறுத்தினான்..."

அவர் குரல் உடைந்தது.

"நான், நல்லாத் தூங்குறான்னு நெனச்சுட்டேங்க."