மரக்காணம் உப்பளத்தில் எங்கள் நன்கொடை நடந்துவந்தது

மே மாத வெயிலில் மரக்காணம் உப்பளத்தைப் பார்க்க எவனாவது போவானா? இந்த வருடம், 2006-ல், நான் போனேன். படித்த பல்கலைக்கழகத்துக்குப் பழைய மாணவர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் நன்கொடை அனுப்புகிறோம். அதிலிருந்து கலைச்செல்வி என்ற ஆராய்ச்சி மாணவிக்கு உதவித்தொகை போகிறது. உப்பளத் தொழிலாளியின் மகள். உப்புத் தண்ணீரிலேயே நிற்பவர்களின் பாதங்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. போன வருடம் அந்தத் தொழிலாளர்களுக்கு ரப்பர் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தோம். அது எங்கள் யோசனை. பலனைப் பார்த்துவிட்டு வா என்று நண்பர்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள்.

கோயம்பேட்டில் காலை ஐந்தரை மணிக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பஸ். மரக்காணம் சுமார் 120 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். இடதுபுற ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள், அங்கங்கே கடல் தெரியும். அங்கிருந்து ஆட்டோ நாற்பது ரூபாய்.

"பூட்ஸ் போட்டு வேலை செய்றாங்களே, அங்க விடுங்க" என்றேன் பெருமையாக.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "உப்பளத்துல எவன் சார் பூட்ஸ் போடுவான்? பாத்திய வெறுங்கால்ல மிதிச்சு மிதிச்சுத்தான் கெட்டியாக்கி வச்சிருக்காங்க. பூட்ஸோட எறங்குனா தரை பேந்துக்கும். உப்பெல்லாம் சேறாயிடும்."

இவருக்கென்ன தெரியும் என்று எரிச்சலாக வந்தது. இறங்கிப் பார்த்தால், எங்கள் பூட்ஸ்கள் வேலிக் கம்புகளில் வரிசையாகக் கவிழ்ந்திருக்கின்றன! பாத்திகளில் எல்லோரும் வெறுங்காலோடு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் முழங்கால் வரை பூட்ஸ் மாட்டி, வரப்பில் மெல்ல நடந்து வந்தார். அப்பாடா என்று இருந்தது. உடனே போட்டோ எடுத்தேன். அவர்தான் கலைச்செல்வியின் அம்மா அஞ்சலை. மகளும் கூடவே வந்தாள்.

"கழட்டும்மா, சார் பாக்கட்டும்" என்றாள் கலைச்செல்வி.

"சும்மா இருடி."

மகளே குனிந்து இழுத்தாள். ஒரு பூட்ஸ் கழன்று, உள்ளேயிருந்து உப்புத் தண்ணீர் கொட்டியது. பாதம் ஊறி வெளுத்திருந்தது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தழும்பு. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உள்ள பூந்த தண்ணி வெளிய போவாது சார்" என்றாள் கலைச்செல்வி. "புண்ணாயி, புரையோடி, மார்கழியில விரல எடுத்துட்டாங்க. மத்தவங்க ஒரே வாரத்துல கழட்டிட்டாங்க. எங்கம்மா மட்டும் கேக்கல, வாய்க்கால்ல எறங்கி வேல செய்யறப்பல்லாம் மாட்டிக்கிட்டே இருந்துச்சு."

"ஏம்மா?" என்றேன்.

"எம்பொண்ண படிக்க வைக்கறவங்க வாங்கிக் குடுத்ததாச்சே. கழட்டிப் போட்டா உங்களுக்கு மனசு நோவாதா? பணத்த நிறுத்திட்டீங்கன்னா அது படிப்பு பூடுமே. நீங்க வர்றீங்கன்னுதான் இன்னிக்கும் மாட்டுனேன். இதையெல்லாம் ஆராய்ச்சியில எழுதுவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. வேணாம்னு சொல்லுங்க சார்."

கொடுக்கிறவனைக் கண்டு வாங்குகிறவர் இப்படிப் பயப்பட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அங்கிருந்தே நண்பர்களுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, உதவித்தொகை நிற்காது என்று அவர்களிடம் உறுதி வாங்கிக்கொண்டேன்.

உப்பளம் பார்க்கப் போகிறவர்கள் பத்து மணிக்குள் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம். பாத்திக்குள் செருப்போடு இறங்காதீர்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிறவர்கள் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் தாராளமாகக் கொடுங்கள். ஆராய்ச்சியின் விடையை மட்டும் நீங்களே முன்கூட்டி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

போனை வைத்துவிட்டு அஞ்சலையம்மாவிடம் சொன்னேன்: "உள்ளதை உள்ளபடி எழுதட்டும்மா. பணம் நிக்காது."

அவர் நம்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூட்ஸ் போட்டிருந்த மற்றக் காலை மெல்ல முன்னால் நீட்டினார்.

"அப்ப இதையும் கழட்டிரலாங்களா?"