பூங்கா ஓட்டலும் குறுக்கே ஓடிய பாவும்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எச்சில் தட்டு கழுவ ஆரம்பித்து, தோசைக்கல்லுக்கு உயர்ந்து, முப்பது வயதில் ஓர் ஓட்டலையே நடத்தினேன். அந்தக் காலத்தில் சின்ன காஞ்சிபுரத்தில் என் சாம்பாரைச் சாப்பிடாதவர் என்று ஒருவர் இருந்தால், அவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். இது பெருமை இல்லை, தகவல்.

ஓட்டல் என்னுடையதல்ல. நெசவாளர்கள் சேர்ந்து வைத்திருந்த தருமச் சங்கத்தினுடையது. இடம் நகராட்சிப் பூங்கா. லாபம் வந்தால் சங்கத்தின் இலவச வைத்தியசாலைக்குப் போகும். நஷ்டம் வந்தால்? அதற்காகத்தான் என்னிடம் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். மனைவியின் வளையல்களை அடகு வைத்துக் கட்டினேன்.

"தருமம் அவங்களுது, வளையல் என்னுது. நல்லா இருக்குது உங்க ஞாயம்" என்றாள்.

இடம் பார்க்கச் சங்கத்தார் ஓர் அமாவாசையன்று வந்தார்கள். அன்றுதானே தறிக்கு ஓய்வு. இரண்டு வேப்பமரங்களுக்குப் பின்னால் நல்ல நிழலான இடமாகப் பார்த்துக் கொட்டகை போட்டோம். கடை திறந்த காலையில் பார்த்தால், அந்த இரண்டு மரங்களுக்கும் நடுவே, கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு பட்டுப் பாவு நீண்டு கிடக்கிறது! சேலைக்கு நெடுக்கே ஓடும் நூலை மொத்தமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்கிறார்கள். கட்டிய பாவை எங்கள் ஊரில் யாரும் தாண்ட மாட்டார்கள், குனிந்து நுழையவும் மாட்டார்கள். இடம் பார்க்க வந்த அத்தனை பேரும் நெசவாளர்கள். அமாவாசையன்று யாரும் பாவு போடுவதில்லை என்பது ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா?

பாவு சங்கச் செயலாளருடையது.

"அண்ணே, கொஞ்சம் ஓரமா போடக்கூடாதா?"

"இது பூங்கா ஆவறதுக்கு முன்னாலேர்ந்து இங்கதான் போட்டுக்கினு இருக்கோம். உன் இட்லிக்கு மட்டும் எழுதி வச்சிருக்குதா?"

சுற்றி வரவும் முடியாது, கொட்டகைக்கு இரண்டு பக்கமும் வேலி. பின்பக்கப் பூங்காச் சுவரில் ஒரு வழி வைக்கலாமா என்று நகராட்சியில் கேட்டேன். "பொதுச் சொத்துபா. ஒரு செங்கல்லைத் தொட்டாலும் உத்தரவு ரத்து. கொட்டகைக்கு வெளிய ஒரு வடை வித்தாலும் ரத்து" என்றார்கள். பத்து மணிக்குப் பாவைச் சுருட்டும்போது என் இட்லி கல்லாகியிருக்கும்.

இரண்டு மாதம் போனது. "ஜனமே வர மாட்டேங்குது, மூடிடலாம். வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணுவோம்" என்றார் செயலாளர். ஜனத்தை மறித்தது யார்? அவருடைய பாவுதான். மூடினால் வளையல் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை, செவிலிமேட்டு பஸ்ஸில் வந்த நாலைந்து பேர் பாவுக்கு அந்தப் பக்கம் பசியோடு நின்றார்கள். நான் கொட்டகைக்குள் நின்றபடியே, இடது கையில் இட்லித் தட்டும் வலது கையில் கரண்டி நிறையச் சாம்பாருமாகப் பாவுக்கு மேலே நீட்டினேன்.

செயலாளர் கஞ்சிக் கையோடு ஓடி வந்தார். "டேய், இன்னாடா பண்றே! மூணு சேலைப் பாவுடா!"

"பயப்படாதீங்க அண்ணே. பத்து வருசமா ஒரு சொட்டு சிந்தினதில்ல. என் கை நடுங்காது."

"உன் கை நடுங்காது. என் நெஞ்சு நடுங்குதே!"

"எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துபா" என்றார் செவிலிமேட்டுக்காரர்.

அவ்வளவுதான். ஆட்களைக் கூப்பிட்டுப் பாவை அவிழ்த்துப் பூங்காவின் எதிர்ச் சுவரோரமாகக் கட்டினார் செயலாளர். அன்றும் மறுநாளும் கொட்டகையில் உட்கார இடமில்லை. என் கை ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்காது. இதை இன்றைக்கும் பந்தயம் கட்டிச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். "சரி, நடத்தட்டும். ஆனா சாம்பார் வேணாம். கெட்டிச் சட்னியோட நிறுத்திக்கட்டும்."

"சாம்பாரும் இருக்கட்டும், பாவும் ஓரமாவே இருக்கட்டும்" என்றார் ஒரு கிழவர். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போனது, செயலாளர் கை தவிர. கையில் கஞ்சி இன்னும் காயவில்லையாம்.