ஈரக் கைநீட்டம்

நனைந்த ஐந்து ரூபாய் நோட்டுக்குப் பிச்சிப்பூ மணம் உண்டு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்; ஆனால் தொண்ணூறுகளில், திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் என் அம்மாவிடம் பூ வாங்கி மீதிச் சில்லறையும் வாங்கிப்போனவர்கள் யாராவது இதை வாசித்தால் ஆமென்று தலையாட்டுவார்கள். பூக்கூடையை வாழையிலையும் ஈரத்துணியும் போட்டு மூடி, மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்து விற்பவள் அவள். அவள் கை காய்ந்து நான் பார்த்ததே இல்லை.

நாளின் முதல் விற்பனைக் காசை அங்கே 'கைநீட்டம்' என்பார்கள். அது விழாமல் அம்மா டீ குடிக்க மாட்டாள். விழுந்த பிறகோ, அதை எடுத்துச் சில்லறை கொடுக்க மாட்டாள், கடன் கொடுக்க மாட்டாள், வீட்டில் அரிசி தீர்ந்த நாளிலும் தொட மாட்டாள். ஐந்தோ பத்தோ, மழை நாளில் வெறும் இரண்டோ, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, ஆரியசாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையின் பரண்மேல், ஒரு பெரிய பிஸ்கட் டின்னின் மூடியில் வெட்டிய பிளவு வழியாக உள்ளே தள்ளிவிடுவாள். வங்கியில் போடலாமே என்று யாராவது சொன்னால், "அவன் எனக்க நோட்ட வாங்கிட்டு வேற எவனுக்க நோட்டையோ திருப்பித் தருவான். அது கைநீட்டமா?" என்பாள். மிளகாய் மண்டியில் மூட்டை கட்டும் அப்பா, "ஒனக்கு வட்டி எதுக்கு, மணம் போருமே" என்று கிண்டுவார்.

நான் ஏழாம் வகுப்புப் படிக்கையில், வீட்டுக்காரர் கட்டடத்தை இடித்துக் குடோன் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். நேமத்துக்கு அப்பால் ஒரு டீச்சர் இரண்டு சென்ட் நிலம் விற்கிறார் என்று அப்பா விசாரித்து வந்தார். திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே இடவப்பாதிப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்க, எட்டு வருடத்தில் முதல்முறையாக அம்மா அந்த டின்னைத் திறந்து கவிழ்த்தாள். டின்னின் வடிவத்திலேயே ஒரு கட்டி, பூஞ்சை படர்ந்து, தொப்பென்று விழுந்தது. எட்டு வருடத்து ஈரக்கை செய்த வேலை.

"ஏட்டி, இது ரூவாயா, கேக்கா?" என்றார் அப்பா. வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்திருப்பார், குரல் உடைந்துவிட்டது.

அம்மா அழவில்லை. 'சருவம்' என்னும் அகன்ற பாத்திரம் நிறையத் தண்ணீர் எடுத்து வைத்து, கட்டியை மெல்ல அதில் இறக்கினாள். "மக்ளே, வாழநாரு எடு" என்று என்னிடம் சொன்னாள். அப்பா கிட்டே வந்ததும், "நீங்க தொடண்டாம், கையெல்லாம் மொளவு!" என்று மிளகாய்க் காரம் ஏறிய அவர் கைகளைக் காட்டி விரட்டினாள். பிறகு, அவசரமே இல்லாதவள்போல, நுனிவிரலால் ஒவ்வொரு நோட்டாகப் பிரிக்கத் தொடங்கினாள். "வலிச்சா கிழியும் மக்ளே. அதுவா விடும்போ எடுக்கணும்." நான் அறைக்குக் குறுக்கும் நெடுக்குமாக நார் கட்டி ஈர நோட்டுகளைத் தொங்கவிட்டேன், மூலையில் நின்ற அப்பா தும்மும்போதெல்லாம் நான்கைந்து பறந்தன.

மாலையில் தலைநிமிர்ந்து பார்த்தேன். எங்கள் அறைக்குள் அம்மாவின் எட்டு வருடக் காலைகள் அத்தனையும் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்குச் சுரமடித்த காலையும், அவள் அப்பாவோடு சண்டைபோட்டுப் போன காலையும் அவற்றில் எங்கோ இருந்தன. ஒரு நாள்கூட விடாமல் இவ்வளவா என்று, மாதா கோயில் கூரையைப் பார்ப்பதுபோல வாய்பிளந்து நின்றேன். கிழிந்தவை பதினொன்றே.

மறுநாள் அட்வான்ஸை வாங்கிய டீச்சர் மூக்கருகே கொண்டுபோனார். "இதெந்தா சேச்சீ, பைசய்க்கு பிச்சிப்பூ மணம்!" மீதியைத் தவணையில் கட்டச் சம்மதித்தார், அதற்கு இன்னும் ஆறு வருடக் கைநீட்டம் ஆயிற்று. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அம்மா முந்தானையில் கையை நன்றாகத் துடைத்த பின்பே முதல் நோட்டை வாங்கினாள். வாராவாரம் வங்கிக்கும் போனாள்.

இன்று அந்த இரண்டு சென்ட் வீட்டின் முன்னறையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பூக்கூடை இல்லை, டின் இல்லை, நோட்டே அபூர்வம். காலையில் முதல் ஆள் செல்பேசியில் பணம் போட்டதும் மேசைமேல் இருக்கும் சின்னப் பெட்டி 'பத்து ரூபாய் வந்தது' என்று அறிவிக்கும். அதை நான் அப்படியே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அம்மா அந்தக் குரலைக் கேட்டதும், விரல்கள் வளைந்துபோன இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள்.