கிராணி வீட்டுப் பங்கு

சபாக் போகும் சாலையோரத் தோட்டமொன்றில் என் அப்பா சிதம்பரநாதன் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். நாங்கள் சுத்த சைவம் என்று தோட்டம் முழுக்கப் பீற்றிக்கொள்வார். ஆனால் தோட்டத் தொழிலாளி இராமையாண்ணன் வைத்த கண்ணியில் காட்டுப்பன்றி விழுந்தால், ஒரு பின்தொடை வாழை இலையில் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அம்மா மிளகு அரைக்கத் தொடங்கியதும் அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். சாப்பிடும்போது மட்டும் மறைக்க மாட்டார்.

செம்பனைக் கன்றுகளைப் பன்றிகள் தோண்டித் தின்கின்றன என்று மானேஜரே கண்ணிக் கம்பி கொடுத்த காலம் அது. பிடித்ததை அண்ணன் தனியாக வைத்துக்கொண்டதே இல்லை. முதல் தொடை கிராணி வீட்டுக்கு, அடுத்தது பிள்ளை பெற்ற வீட்டுக்கு, மிச்சம் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு. பங்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் வீட்டில் குழம்பு கொதிக்கும். அவரைத் திருடன் என்று யாராவது சொல்லியிருந்தால் லயமே சண்டைக்கு வந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனைக்கு இன்றும் நான் ஏங்குகிறேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தோட்டம் கைமாறி, நாங்கள் புக்கிட் செந்தோசா நகருக்கு வந்து இருபது வருடமாகிறது. இராமையாண்ணன் மட்டும் அங்கேயே காவல் வேலை பார்த்துக்கொண்டு லயத்து வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார்.

நடந்தது இதுதான். புது உதவி மானேஜர் சத்தியசீலன் வேலைக்கு வந்த வாரம், அண்ணனின் கண்ணியில் ஒரு பன்றி விழுந்திருக்கிறது. மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மேலே இருப்பவர் வீட்டுக்கே முதல் பங்கு என்ற முறை தவறக்கூடாது என்று தொடையை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில் நேராக அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்.

“சார், இது உங்க வீட்டுப் பங்கு.”

“அங்கிள், லைசென்ஸ் இல்லாம பன்னி பிடிச்சா கேஸ் லா! பெர்ஹிலித்தான்காரன் வந்தா ஜெயில்தான். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலையும் போகும், வீடும் போகும்.”

“பழைய மானேஜரு கம்பியே குடுப்பாரு, சார்.”

“அது அப்போ, அங்கிள்.”

சத்தியசீலன் நல்ல பையன்தான். வனவிலங்குத் துறைக்கும் சொல்லவில்லை, கம்பெனிக்கும் சொல்லவில்லை. கண்ணிகளை அன்றைக்கே அவிழ்த்துவிடச் சொல்லி, தொடையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். சட்டப்படி அவன் செய்தது சரி. எனக்குத்தான் அவன்மேல் கோபம் அடங்கவில்லை.

“அதான் வேலையும் வீடும் தப்பிச்சிருச்சேண்ணே, இன்னும் எதுக்கு இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?” என்றேன்.

“கேஸ் போட்டிருந்தாகூட தாங்கியிருப்பேன்மா,” என்றார் அண்ணன். “அந்தத் தொடையைத் தூக்கிக்கிட்டு லயத்து வழியா திரும்பி நடந்தேன் பாரு, அன்னிக்குத்தான் என் வாழ்க்கையிலேயே மொத தடவையா நான் திருடன் மாதிரி நடந்தேன்.”