சோளகம் மறித்த புராணப் படிப்பு

சில வருடங்களுக்கு முன்னர், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் ஓர் ஆடி மாதத்தில், புங்குடுதீவு இறுப்பிட்டியிலுள்ள எங்கள் கோயிலில் இது நடந்தது. அன்று புராணப் படிப்பின் நிறைவு நாள்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் புராணத்தை ஒருவர் தனியாகப் படித்து முடிப்பதில்லை. இருவர் எதிரெதிரே அமர்வார்கள். ஒருவர் பாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாடுவார். மற்றவர் ஒவ்வொரு பகுதிக்கும் பொருள் சொல்வார். அதைப் பயன் சொல்லுதல் என்போம். போருக்கு ஓர் இராகம், புலம்பலுக்கு வேறொன்று, கல்யாணத்துக்கு இன்னொன்று. பாடுபவர் விடும் இடத்தில் சொல்பவர் பிடிக்க வேண்டும். காப்புப் பாடித் தொடங்கினால் நிறைவுப் பாட்டு வரை இருவரும் வேறு பேச்சுப் பேசக்கூடாது. மின்விசிறியைப் போடச் சொல்வதென்றாலும் கண்ணால்தான் சொல்ல வேண்டும்.

பாடுபவர் என் மச்சான், தங்கையின் கணவர். பயன் சொல்பவன் நான். அரச அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கோயில் சபையின் யாப்பை, அதாவது விதிக்கோவையை, எழுதும் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். கட்டாமல் விட்டிருந்தால் கோபித்திருப்பேன் என்பது வேறு விஷயம். அதில் ஒரு விதி, படிப்பவர் கோயிலில் நேரில் அமர்ந்தே படிக்க வேண்டும் என்பது. முந்திய வருடம் ஊர் அக்கா ஒருவர் என்னிடம் வந்து, கனடாவிலுள்ள தன் மகன் வீடியோவில் சில பாட்டுகளைப் படிக்க ஆசைப்படுகிறான் என்று கேட்டார். விதியின் இலக்கத்தையும் உபபிரிவையும் சொல்லி மறுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் போனார். ஒன்றும் பேசாமல் போகிறவர்கள் மறப்பதில்லை.

நிறைவு நாள் காலையில் மச்சான் நெடுந்தீவுக்குப் புறப்பட்டார். அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மகளுக்குக் காய்ச்சல். மத்தியானப் படகில் திரும்பி விடுவதாகத் திட்டம்.

"சோளகம் இரையிறது கேக்கேல்லையோ? நாளைக்குப் போமன்," என்றேன்.

"ஏன், காத்துக்கும் ஒரு விதி எழுதி வைச்சிருக்கிறீரோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "மச்சான், கடல் சரியில்லையாம். படகு விடமாட்டினமாம்."

நான் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று ஒரு பிரசங்கம் செய்ய வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் நிலைமை அப்படி. எங்கள் கோயிலில் தொடங்கிய படிப்பு ஒரு நாளும் நின்றதில்லை. ஊரே இடம்பெயர்ந்திருந்த காலத்தில்கூட, வேறு ஊரில், யாரோ ஒருவருடைய வளவில் கிடுகுக் கொட்டில் போட்டு, ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் படித்து நிறைவாக்கினோம். எறிகணைக்கு நிற்காத படிப்பு, நான் பொறுப்பிலிருக்கும்போது காற்றுக்கு நிற்பதா?

பதிலுக்குப் படிக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். முதல் நாள்தான் அவருக்கு மகன் வழியில் பேத்தி பிறந்திருந்தாள். துடக்கு. கோயிலுக்குள் வர முடியாது. நானே பாடலாமே என்பீர்கள். என் பாட்டைக் கேட்டவர்கள் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள்.

மண்டபத்தில் சனம் கூடிவிட்டது. ஐயர் இரண்டு தரம் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மச்சானின் இடம் வெறுமையாக இருந்தது. அப்போது முன்வரிசையில் இருந்த கனடா மகனின் தாய் சொன்னார்.

"தம்பி, உம்மடை மச்சானைப் போனிலை படிக்கச் சொல்லுமன்."

விதியின் இலக்கத்தைச் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

"என்ன யோசிக்கிறீர்? இண்டைக்கு யாப்புக்கும் துடக்கோ?"

மண்டபம் சிரித்தது. ஐயரும் சிரித்ததைக் கண்டேன். விசேட சந்தர்ப்பங்களில் சபை தீர்மானிக்கலாம் என்று யாப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. எல்லா யாப்பிலும் இருக்கும். முந்திய வருடம் அது எனக்கு ஞாபகம் வராமல் போனது ஏனென்று அந்தச் சிரிப்புக்கு நடுவே என்னையே கேட்டுக்கொண்டேன். சபையார் நின்ற நிலையிலேயே கூட்டம் கூடித் தீர்மானித்தார்கள்.

மச்சான் குளித்து, வேட்டி மாற்றி, விளக்கேற்றி, மகளின் குவாட்டர்ஸில் குசினி வாசலில் உட்கார்ந்தார். அங்கேதான் சிக்னல் வரும். தன் சொந்தப் புத்தகத்தை அவர் எங்கே போனாலும் பையில் கொண்டு போவார். இந்தப் பக்கம் தொலைபேசிக்குப் பொறுப்பு அந்த அக்காதான். தினமும் கனடாவுடன் பேசுகிறவருக்குப் பழக்கம் இருந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு செம்பைக் கவிழ்த்து, அதில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தார்.

காப்பு ஒலித்தது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காற்றின் இரைச்சலுக்கு மேலாக, மச்சானின் குரல் எங்கள் மண்டபத்தை நிரப்பியது. நேரே இருந்து கேட்பதைவிட எடுப்பாக இருந்ததென்று சிலர் பிறகு சொன்னார்கள். நான் பயன் சொன்னேன். அவர் அடுத்த பகுதியை எடுத்தார். படைகள் புறப்படும் இடத்தில் நெடுந்தீவில் திரியும் காட்டுக் குதிரையொன்று கனைத்தது. அதற்கு மட்டும் நான் பயன் சொல்லவில்லை.

இறைவன் காட்சி கொடுக்கும் பகுதி வந்தது. படிப்பின் உச்சம் அதுதான். மச்சான் இராகத்தை மாற்றி ஒரு பாட்டை முடித்தார். நான் பயன் சொல்லி நிறுத்தினேன். மறுகுரல் வரவில்லை. தொலைபேசி செத்துக் கிடந்தது.

அக்கா திருப்பித் திருப்பி அழுத்தினார். கிடைக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இடையில் நிறுத்தினால் படிப்பு நின்றதாகும். பேசி ஆலோசனை கேட்கவும் முடியாது. எனக்குத் தெரிந்த எந்தச் சுற்றுநிருபத்திலும் இதற்கு வழியில்லை.

புத்தகத்தைப் பார்த்தேன். அடுத்த பாட்டை மனதுக்குள் மச்சானின் குரலில் ஓடவிட்டேன். அவர் நீட்டும் இடத்தில் நீட்டி, மூச்செடுக்கும் இடத்தில் மூச்செடுத்து, அவர் நிறுத்தும் இடத்தில் நான் பயன் சொன்னேன். பிறகு மறுபடி மௌனம், மறுபடி பயன். இப்படியே பாட்டுக்குப் பாட்டு. அந்த மௌனத்தில் மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை. வழமையாகத் தூங்கி விழுபவர்களும் நிமிர்ந்து இருந்தார்கள். பின்வரிசையில் சிலருடைய உதடுகள் அசைவதைக் கண்டேன். அவர்களுக்கும் பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பாட்டுக்குப் பயன் சொல்லி முடித்து, அடுத்த பாட்டுக்காக மௌனமானேன். தொலைபேசி அடித்தது. அக்கா பாய்ந்து அழுத்தினார். மச்சானின் குரல் வந்தது. நான் காத்திருந்த அதே பாட்டு. முதல் அடியின் நடுப்பகுதி. அரை அடி முந்திவிட்டார். எப்போதும் அவசரக்காரர்.

யாரோ 'அரோகரா' என்றார்கள். பிறகு மண்டபமே சொன்னது. எனக்கு எழுத்து மங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பயனைப் பிடித்தேன். நிறைவுப் பாட்டும் ஆனது. புத்தகத்தைப் பட்டில் சுற்றி, மேளத்தோடு வீதி வலம் கொண்டு வந்தோம்.

"இனி என்ரை பெடியன்ரை விஷயத்தைப் பாரும்," என்றார் அக்கா, தொலைபேசியைத் துடைத்தபடி. அடுத்த பொதுக்கூட்டத்தில் விதியைத் திருத்தும் பிரேரணையை நானே கொண்டுவந்தேன். வழிமொழிந்தவர் அவர்தான். இப்போது அவருடைய மகன் வருடத்தில் ஒருநாள் கனடாவிலிருந்து படிக்கிறான். இராகம் சுமார். உச்சரிப்பு நன்று.

மறுநாள் காற்றுத் தணிந்து முதல் படகு வந்தபோது குறிகட்டுவான் துறையில் நான் நின்றேன். மச்சான் இறங்கியதும் கேட்டேன்.

"லைன் அறுந்தது உமக்குத் தெரியுமோ?"

"ஓம், தெரியும். மகள் திருப்பித் திருப்பி அடிச்சுக்கொண்டிருந்தவள்."

"பிறகு என்னண்டு படிச்சனீர்?"

"ஒரு பாட்டைப் படிச்சிட்டு, நீர் பயன் சொல்லி முடிக்குமட்டும் பேசாமல் இருந்தனான். பிறகு அடுத்த பாட்டு."

"நான் சொன்னதுதான் உமக்குக் கேக்கேல்லையே."

"கேக்கத்தான் வேணுமோ? வழமைபோலை நீட்டி முழக்கினீர். எனக்குக் கால் விறைச்சுப் போச்சு," என்று சொல்லிவிட்டுப் பையை என் கையில் தந்தார்.

சேவைக் காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரங்கள் அலுமாரியில் எங்கோ கிடக்கின்றன. கடலுக்கு அப்பால் ஒரு மனிதர், காதில் விழாத என் பேச்சு முடியும்வரை கால் விறைக்கக் காத்திருந்தார் என்பதுதான் இன்றும் நான் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளும் பெருமை.